சோழிக்கு அந்தப் பளபளப்பு எங்கேருந்து வருது?

கடல்லேருந்து எடுத்த சங்கு, சிப்பி எதைப் பார்த்தாலும் மேல பாசி, சுண்ணாம்பு, புழு கட்டின குழாய், சின்னச் சின்ன ஓட்டைன்னு ஒரே சொரசொரப்பா இருக்கும். அதை ஆசிட்ல முக்கி, தேய்ச்சு, எண்ணெய் தடவித்தான் கடையில வைக்கிறாங்க. சோழி இதுக்கு விதிவிலக்கு. பவளக்கல்லுக்கு அடியில கைய விட்டு எடுத்த அந்த நிமிஷமே பளபளன்னு மின்னும், ஒரு கீறல் இருக்காது, ஒரு பாசி இருக்காது. நிறைய பேர் இது மெஷின்ல போட்டு பாலிஷ் பண்ணினதுன்னே நெனச்சிட்டிருக்காங்க. இல்லங்க. பாலிஷ் போட்டது அந்த நத்தையேதான்.

ஆமா, சோழிங்கறது ஒரு நத்தையோட ஓடு. இதச் சொன்னா ஆச்சரியப்படறவங்க இன்னும் இருக்காங்க, ஏன்னா நாம பாக்கற சோழியில நத்தைக்கான அடையாளம் எதுவுமே வெளிய தெரியாது, சுருள் இல்ல, கூம்பு இல்ல, வாய மூடுற மூடி கூட இல்ல. உலகத்துல சோழி இனம் மட்டும் இருநூறுக்கு மேல இருக்கு, கைக்கு அடங்காத புலிச்சோழிலேருந்து விரல் நகம் அளவு உள்ளது வரைக்கும். நான் சொல்ல வந்தது அந்தக் கூட்டத்துல ஒண்ணே ஒண்ண பத்திதான்: பல்லாங்குழியில போடறோமே, தாயத்துக்கு உருட்டறோமே, மாட்டுக் கழுத்துல கோத்துக் கட்டறோமே, அந்தச் சின்ன வெள்ளைச் சோழி. அறிவியல் பேரு மொனிட்டேரியா மொனிட்டா. உயிரினங்களுக்கு அறிவியல் பேர் வைக்கற முறையக் கொண்டு வந்த லின்னேயஸ் 1758லயே இதுக்குப் பேர் வச்சுட்டார். சாதாரணமா ரெண்டுலேருந்து மூணு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். வெள்ளைன்னு சொல்றோமே தவிர புதுசா எடுத்தது வெளிர் மஞ்சள்தான், முதுகுல குறுக்கால சாம்பல் நீலத்துல மங்கலா பட்டை ஓடும், வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சாத்தான் தெரியும். முட்டை வடிவம்னு பொதுவா சொல்லிடறாங்க, ஆனா ஒண்ணைக் கையில வச்சு நல்லா உருட்டிப் பாருங்க, பின்பக்கம் ரெண்டு ஓரத்துலயும் புடைச்சுக்கிட்டு கிட்டத்தட்ட ஆறு மூலை இருக்கும். கீழ்ப்பக்கம் தட்டை, நடுவுல நீளமா ஒரு பிளவு, பிளவோட ரெண்டு கரையிலயும் பல்லு.

இப்ப பளபளப்புக்கு வருவோம். உயிரோட இருக்கற சோழிய கடலுக்குள்ள பார்த்தா ஓடே கண்ணுக்குத் தெரியாம இருக்கலாம். அந்தப் பிளவு வழியா நத்தை தன்னோட உடம்புத் தோலோட ரெண்டு மடலை வெளிய நீட்டி, இடதுபக்கம் ஒண்ணு வலதுபக்கம் ஒண்ணுன்னு மேல ஏத்தி, முதுகுல ரெண்டும் வந்து முட்டற வரைக்கும் இழுத்துப் போத்திக்கும், குளிர்ல போர்வை போத்திக்கற மாதிரி. இந்த மடல் சும்மா மறைக்கறதுக்கு மட்டும் இல்ல. மத்த பெரும்பாலான நத்தைங்க ஓட்டை உள்ளேருந்தும் வாய் ஓரத்துலேருந்தும்தான் கட்டும், வெளிப்பக்கம் ஒருதடவை கட்டினதோட சரி, அப்புறம் அது வெயிலுக்கும் அலைக்கும் பாசிக்கும் விட்டது. சோழி வெளிப்பக்கத்துக்கும் பூசிக்கிட்டே இருக்கும். தோல் மடல்லேருந்து சுண்ணாம்புப் பொருள் மெல்லிசா மெல்லிசா படிஞ்சு படிஞ்சு கெட்டியாகுது, அதுதான் அந்தப் பளபளப்பு, எனாமல்னு சொல்றது. ஓட்டு மேல எப்பவும் தோல் மூடித் திறந்துக்கிட்டே இருக்கறதால பாசியோ வேற எதுவோ வந்து ஒட்டிக்க இடமும் கிடையாது. தொட்டா மடல் சட்டுனு உள்ள போயிடும், அப்பதான் ஓடு வெளிய வரும். சில சோழியில முதுகுல ஒரு கோடு தெரியும் பாருங்க, ரெண்டு மடலும் சந்திக்கற இடம் அதுதான்.

இதைவிட எனக்குப் பிடிச்ச விஷயம் குட்டிச் சோழி. குஞ்சு பொரிச்சு வெளிய வந்து கொஞ்ச நாள் கடல் தண்ணியில மிதந்துட்டு அப்புறம்தான் தரைக்கு வரும், அந்த வயசுல அதுக்கு நம்ம தோட்டத்து நத்தைக்கு இருக்கற சாதா ஓடுதான், மெல்லிசு, சுருள் தெரியும், வாய் அகலம். பெருசாகப் பெருசாக கடைசிச் சுத்து பழைய சுருள் எல்லாத்தையும் முழுங்கிடும். வயசுக்கு வந்ததும் வாயோட வெளி உதடு உள்பக்கமா மடங்கி, பல்லு முளைச்சு, பிளவு குறுகிடும். அதோட நீளத்துல வளர்றது நின்னுச்சு. அதுக்கப்புறம் எத்தனை வருஷம் இருந்தாலும் சோழி தடிக்கும், ஓரம் புடைக்கும், எனாமல் ஏறும், ஆனா பெருசாகாது. நண்டு வந்து உடைக்கப் பார்த்தா அந்தக் குறுகின பல்லு வச்ச வாய்தான் பாதுகாப்பு, மூடி இல்லாத குறையை அது சரிக்கட்டிடுது. ஒரு பழைய சோழிய நீளவாக்குல அறுத்துப் பார்த்தீங்கன்னா உள்ள சுருள் அப்படியே ஒளிஞ்சு உக்காந்திருக்கும்.

ஆப்பிரிக்கக் கிழக்குக் கரை, செங்கடல்லேருந்து நம்ம இந்தியப் பெருங்கடல் வழியா ஹவாய் வரைக்கும், அதையும் தாண்டி காலாபகோஸ் தீவுகள் வரைக்கும் இந்த ஒரே இனம் பரவியிருக்கு. ஆழத்துக்குப் போற ஆள் இல்ல, தண்ணி வத்தினா வெளிய தெரியற பவளத் திட்டு, உடைஞ்ச பவளக்கல் கிடக்கற இடம், கல்லுக்கு அடிப்பக்கம், இதுதான் வீடு. பாசியச் சுரண்டித் தின்னும். ஆண் பெண் தனித்தனி. பெண் சோழி முட்டையிட்டுட்டு அம்போன்னு விட்டுட்டுப் போகாது, பொரியற வரைக்கும் அந்த முட்டைக் கொத்து மேலயே உக்காந்துக்கும். நத்தைகள்ல இவ்வளவு பொறுப்பான தாய் அபூர்வம்தான்.

இப்படி யார் வம்புக்கும் போகாம பாசி தின்னுக்கிட்டிருந்த ஜீவன மனுஷன் காசாக்கினான் பாருங்க, அங்கதான் கதை பெருசாகுது.

எங்கெங்கயோ கிடைக்கற சோழிக்கு மாலத்தீவு எப்படி சந்தையாச்சுன்னு கேட்டா, ரெண்டு காரணம். ஒண்ணு, அங்க இருக்கற ஆழமில்லாத உப்பங்கழியில இது அள்ள அள்ளக் கிடைச்சுது. இன்னொண்ணு, மாலத்தீவுச் சோழி உருவத்துல சின்னது. காசுன்னு வந்துட்டா ஒரு சோழி ஒரு சோழிதான், பெருசுக்குக் கூட மதிப்பு கிடையாது, அப்ப சின்னதா இருந்தா அதே கப்பல்ல அதிக காசு ஏத்தலாம்ல. வியாபாரி மூளை. ராஜராஜ சோழன் மெய்க்கீர்த்தியில வர்ற முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம் மாலத்தீவுன்னுதான் பொதுவா சொல்றாங்க, அந்தப் பக்கம் போன நம்மாளுங்க சோழிக் குவியலப் பார்க்காம திரும்பியிருக்க வாய்ப்பே இல்ல.

1343 வாக்குல மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா அங்க போய் இறங்குறார். போன இடத்துல காஜி, அதாவது நீதிபதி வேலை குடுத்து உக்கார வச்சுட்டாங்க, கல்யாணமும் பண்ணிக்கிட்டார், அங்கேருந்து இலங்கை, அப்புறம் நம்ம மதுரை சுல்தான்கிட்டன்னு அது தனிக் கதை. சோழிய பத்தி அவர் எழுதினது ரொம்ப சுத்தமான குறிப்பு. கடல்லேருந்து பொறுக்கிட்டு வந்து கரையில குழி தோண்டிப் புதைச்சு வைக்கிறாங்க, உள்ள இருக்கற சதை மக்கி அழிஞ்சதும் வெள்ளை ஓடு மட்டும் நிக்குதுன்னு சொல்றார். நாத்தத்த பத்தி ஒரு வார்த்தை எழுதல, ஆனா செத்த நத்தை நாறும் நாத்தம் தெரிஞ்சவங்களுக்கு அந்தக் கரை எப்படி இருந்திருக்கும்னு புரியும். அவர் சொன்ன கணக்குப்படி அங்க ஒரு தங்க தீனாருக்கு நாலு லட்சம் சோழி, விலை சரிஞ்சா பத்துப் பன்னெண்டு லட்சம் கூட. அதே மனுஷன் பின்னாடி மேற்கு ஆப்பிரிக்காவுல மாலி நாட்டுக்குப் போறார், அங்க ஒரு தீனாருக்கு 1150 சோழிதான். ரெண்டு தீனாரும் சமம்னு வச்சுக்கிட்டா ஏறக்குறைய முந்நூத்தம்பது மடங்கு வித்தியாசம். நடுவுல எத்தனை கப்பல், எத்தனை ஒட்டகம், எத்தனை கை மாறியிருக்கும்!

பிரார் த லவால்னு ஒரு பிரெஞ்சுக்காரர், 1602ல கப்பல் உடைஞ்சு மாலத்தீவுல மாட்டிக்கிட்டு அஞ்சு வருஷம் கிடந்தவர், இவர்தான் பொறுக்கற விதத்தக் கிட்டேருந்து பார்த்து எழுதினவர். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் முன்ன மூணு நாள், பின்ன மூணு நாள்தான் சோழி வேட்டை. அந்த நாள்லதான் கடல் ரொம்ப உள்வாங்கும். பொறுக்கறது முழுக்க பொம்பளைங்க, இடுப்பளவு தண்ணியில நின்னு. அப்புறம் தென்னை ஓலைக் கூடை முடைஞ்சு, ஒரு கூடைக்குப் பன்னெண்டாயிரம் எண்ணிப் போட்டு, அந்தக் கூடையே பண மூட்டையா கைமாறும். இபின் பதூதாவும் பன்னெண்டாயிரத்துக்குத் தனியா ஒரு அளவுப் பேர் சொல்லியிருக்கார், நடுவுல இருநூத்தம்பது வருஷத்துக்கு மேல ஆகியும் கூடை அளவு மாறல! ஒரே வருஷத்துல முப்பது நாப்பது கப்பல் சோழி மட்டுமே ஏத்திக்கிட்டு வங்காளத்துக்குப் போனத தான் பார்த்ததா பிரார் எழுதறார். திரும்பி வரும்போது அரிசி. தீவுல நெல்லு விளையாது, வங்காளத்துல இந்தச் சோழி விளையாது, அவ்வளவுதான் கணக்கு.

வங்காளத்து வாய்ப்பாடு இப்படி: நாலு சோழி ஒரு கண்டா, இருபது கண்டா ஒரு பண், பதினாறு பண் ஒரு காகன், நாலு காகன் ஒரு ரூபாய். பெருக்கினா ரூபாய்க்கு 5120 சோழி. கால் காசுக்கும் கீழ கீரை, உப்பு வாங்கறவனுக்கு வெள்ளி ரூபாய் எதுக்கு உதவும், சோழிதான் சில்லறை. ஆனா இதையே வரியா வசூல் பண்ணினா? 1778ல கிழக்கு வங்காளத்துல இருக்கற சில்ஹெட்டுக்குப் போன கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ராபர்ட் லிண்ட்சே மாட்டினது அதுலதான். ஜில்லாவோட வருஷ வருமானம் ரெண்டரை லட்சம் ரூபாய், அத்தனையும் சோழியாவே வருது. நான் உக்காந்து பெருக்கினேன், 128 கோடி சோழி. ஒரு சோழி ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேல நிக்கும், அப்ப ஆயிரம் டன்னைத் தாண்டிடும். இதக் கொட்டி வைக்க கிடங்கு, டாக்காவுக்கு அனுப்ப படகுக் கூட்டம், போற வழியில திருட்டு வேற. பாவம், கலெக்டர் உத்தியோகம்னு வந்த மனுஷன் சோழி எண்ணிக்கிட்டிருந்திருக்கார். ஒரிசாவுல கம்பெனி வேற வழி பண்ணிச்சு, 1803ல பிடிச்ச கொஞ்ச காலத்துலயே வரிய சோழியா வாங்க மாட்டோம், வெள்ளியாத்தான் வேணும்னுட்டாங்க. வெள்ளிக்குக் குடியானவன் எங்க போவான்? 1817ல அங்க கம்பெனிக்கு எதிரா வெடிச்ச பைக்கா கிளர்ச்சிக்குச் சொல்லப்படற காரணங்கள்ல இதுவும் ஒண்ணு.

இதுவரைக்கும் கதை சுவாரசியம். இனிமே வர்றது அப்படி இல்ல.

போர்த்துகீசியர், அப்புறம் டச்சுக்காரர், ஆங்கிலேயர் மூணு பேரும் ஒரே விஷயத்தக் கண்டுபிடிச்சாங்க. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில சோழி குடுத்தா மனுஷங்கள வாங்கலாம். மாலத்தீவுச் சோழி இலங்கை, வங்காளம் வழியா ஐரோப்பாவுக்குப் போகும், போகும்போது கப்பல் சாயாம இருக்க அடிப்பாரமாவும் அதுவே ஆகிடும், ஆம்ஸ்டர்டாம்லயும் லண்டன்லயும் ஏலம், அங்கேருந்து பீப்பாயில அடைச்சு ஆப்பிரிக்கா. 18ம் நூற்றாண்டுல மட்டும் டச்சு, ஆங்கிலேயர் ரெண்டு பேருமா கொண்டு போய் இறக்கினது ஆயிரம் கோடிக்கும் மேலன்னு வரலாற்றுக்காரங்க கணக்குப் போட்டிருக்காங்க, எடையில பதினோராயிரம் டன்னுக்கு மேல. ஒலாடா எக்வியானோங்கறவர் சின்னப் பையனா கடத்தப்பட்டு அடிமையா விக்கப்பட்டவர், பின்னாடி விடுதலையாகி 1789ல தன் கதைய புத்தகமா போட்டார். அதுல ஒரு ஊர்ல தன்னை 172 சின்ன வெள்ளை ஓட்டுக்கு வித்தாங்க, ஒவ்வொண்ணும் விரல் நகம் அளவு இருக்கும்னு எழுதியிருக்கார். எண்ணிக்கைய அவர் மறக்கல பாருங்க. நான் பல்லாங்குழிக் குழியில அள்ளற சோழி ரெண்டு கைக்கு வந்தாலே நூத்துக்கு மேல வரும்.

சோழிக் காசுக்கு ஒரு பெரிய பலம் இருந்துச்சு, யாராலயும் கள்ளச் சோழி அடிக்க முடியாது. களிமண்ல பண்ணினா எடை சொல்லிடும், எலும்புல செதுக்கினா எனாமல் வராது, அதுக்குப் பண்ற செலவுக்கு நிஜச் சோழியே வாங்கிடலாம். ஆனா கடைசியில கவுத்தது இன்னொரு நத்தைதான், இதோட ஒண்ணுவிட்ட தம்பி. மொனிட்டேரியா அனுலஸ், முதுகுல மஞ்சளா ஒரு வளையம் போட்டிருக்கும். கிழக்கு ஆப்பிரிக்காவுல சான்சிபார் பக்கம் குவிஞ்சு கிடந்த இத 1840கள் நடுவுல ஹாம்பர்க் வியாபாரிங்க கப்பல் கப்பலா மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அள்ளிக் கொண்டு போய்க் கொட்டினாங்க. மாலத்தீவுச் சோழியோட விலையில ஒரு சின்னப் பங்குக்கு வாங்கினது, அங்க போனா அதுவும் காசுன்னு செல்லுது! விளைவு என்னாகும்? விலைவாசி தாறுமாறா ஏறுச்சு, ஒரு சாமான் வாங்க சுமை கூலிக்கு ஆள் வச்சு சோழி தூக்கிட்டுப் போகணும். நோட்டு அடிச்சுத் தள்ளினா பணவீக்கம் வரும்னு இப்ப டிவியில உக்காந்து சொல்றாங்களே, அதே பாடம்தான், அச்சாபீஸ் மட்டும் கடல்.

சரி நம்ம வீட்டுக்கு வருவோம். ராமேஸ்வரத்துலயோ கன்னியாகுமரியிலயோ சோழிப் பாக்கெட் வாங்கினா அதுல இந்த ரெண்டு சாதியும் கலந்துதான் வரும். பிரிக்கறது கஷ்டமே இல்ல, முதுகுல மஞ்சள் வளையம் இருந்தா அனுலஸ், மூலை மூலையா புடைச்சிருந்தா மொனிட்டா. நான் ஒரு பாக்கெட்டைப் பேப்பர்ல கொட்டிப் பிரிச்சிட்டிருந்தப்ப எங்க அத்தை வந்து பக்கத்துல உக்காந்தாங்க. அவங்களுக்கு இந்தப் பேரெல்லாம் தேவையில்ல, ஒவ்வொண்ணா எடுத்து தரையில சுண்டி விட்டுப் பார்த்து, "இது ஆகாதுடா, எப்பப் போட்டாலும் குப்புறதான் விழும்"னு ஒதுக்கிக்கிட்டே வந்தாங்க. எதுக்கு அத்தை இப்படின்னு கேட்டா, "தாயம் ஆடணும்ல. நீ பாட்டுக்கு முட்டிக்கிட்டு நிக்கற சோழியக் குடுத்தா நான் எப்பப் பழம் எடுக்கறது?"ங்கறாங்க. எங்க வீட்டு ஆட்டத்துக்கு ஆறு சோழி. ஒண்ணு மட்டும் மல்லாந்தா தாயம், ஆறும் மல்லாந்தா ஆறு, ஆறும் குப்புற விழுந்தா பன்னெண்டு. காசு சுண்டினா பாதிக்குப் பாதி, சோழி அப்படி இல்ல, முதுகு எவ்வளவு மேடு, அடி எவ்வளவு தட்டை, ஓரம் எவ்வளவு புடைப்புங்கறதைப் பொறுத்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு புத்தி. கடல்ல அது எத்தனை நாள் எனாமல் பூசிக்கிட்டிருந்துச்சுங்கறது இங்க கூடத்துல யாருக்குத் தாயம் விழும்ங்கறதத் தீர்மானிக்குது, யோசிச்சுப் பார்த்தா சிரிப்பா வருது.

ஜோசியர் உருட்டற சோழியும் இதே சாதிதான், கேரளத்துப் பிரசன்னத்துல 108 சோழி வச்சு எண்ணுவாங்க. அதுல எனக்கு நம்பிக்கை இல்ல, அதனால அதுக்குள்ள போகல. சித்த வைத்தியத்துல இதையே பலகறைன்னு சொல்லி, சுட்டுப் பற்பம், அதாவது மருந்துப் பொடி ஆக்கறாங்க.

கடையில வாங்கறவங்களுக்கு ரெண்டு விஷயம். இந்தச் சின்னச் சோழி தாராளமா கிடைக்கற இனம், ஆனா எல்லாச் சோழியும் அப்படி இல்ல, சில சோழி இனங்களும் இன்னும் பல சங்கு வகைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியல்ல இருக்கு. பெருசா, புள்ளி புள்ளியா அழகா இருக்குன்னு பேர் தெரியாம எதையும் வாங்கிப் பெட்டியில வச்சுக்காதீங்க, அப்புறம் ஏர்போர்ட்ல பதில் சொல்லணும். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காத் தீவுகள்லேருந்து பொறுக்கிட்டு வரவும் கூடாது.

ரெண்டாவது, ஊதாச் சோழி. சில கடையில நல்ல கத்தரிப்பூ நிறத்துல முதுகு இருக்கற சோழிய தனியா கண்ணாடிப் பெட்டியில வச்சு, "இது ஆயிரத்துல ஒண்ணு சார், அபூர்வம்"பாங்க. சாயம் போட்டதுன்னு சண்டைக்குப் போகாதீங்க, அது நிஜ நிறம்தான். சோழி அடுக்கடுக்கா பூசுதுன்னு சொன்னேன்ல, மேல் அடுக்கு மஞ்சள் வெள்ளை, அது தேய்ஞ்சு போனா கீழ இருக்கற ஊதா அடுக்கு வெளிய வரும். கரையில அலைபட்டுக் கிடந்த சோழியில தானாவே ஆகும், ஆசிட்ல கொஞ்ச நேரம் போட்டும் வர வைப்பாங்க. விரலால தடவிப் பாருங்க, ஊதா இருக்கற இடத்துல வழவழப்பு குறைஞ்சு லேசா மங்கிப் போயிருக்கும். அழகா இருந்தா தாராளமா வாங்குங்க, ஆனா சாதாச் சோழி என்ன விலையோ அந்த விலைக்கே கேளுங்க, குடுத்துடுவாங்க.